திட்டமிட்ட அறுவை சிகிச்சையும் மயக்க மருந்து நிபுணர் தேர்வும்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படும் அறுவை சிகிச்சை திட்டமிட்ட அறுவை சிகிச்சை எனப்படுகிறது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கருப்பை நீக்கம், தைராய்டு கட்டி, மூட்டு மாற்று, எலும்பு முறிவுக்கு வைத்த தகட்டை எடுத்தல் முதலியவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்காகக் குடும்பங்கள் நல்ல மருத்துவமனை எது, கைராசியான அறுவை மருத்துவர் யார், செலவு எவ்வளவு என்று பல நாள் விசாரிப்பது வழக்கம். மயக்க மருந்து கொடுக்கப் போகிறவர் யார் என்ற கேள்வி அந்த விசாரணையில் அநேகமாக வருவதே இல்லை. அறுவை நடக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பொறுப்பேற்றுக் கவனிப்பவர் அவர்தான்.

ஓசூர் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி உள்ள தொழில் நகரம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் இங்கு உள்ளன. 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற பகுதிகளில் கல் குவாரிகள், மாந்தோப்புகள், மாங்கூழ் ஆலைகள் மிகுதி. இவ்வட்டாரத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்கு அரசு மருத்துவமனை, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, உள்ளூர் நர்சிங் ஹோம், எல்லைக்கு அப்பால் பெங்களூரு மருத்துவமனை என நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. எந்த வழியில் போனாலும், மயக்க மருந்து நிபுணர் நோயாளியை முதன்முதலில் எப்போது பார்க்கிறார் என்பதில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

மயக்க மருந்து நிபுணர் செய்வது என்ன

ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போய்விடுபவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தூங்க வைப்பது அவருடைய வேலையில் மிகச் சிறிய பகுதி. முழு மயக்கத்தில் நினைவு மட்டும் போவதில்லை. உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கும் இருமல் போன்ற அனிச்சைச் செயல்களும் அடங்கிவிடுகின்றன. தசைகளைத் தளர்த்தும் மருந்து சேர்க்கப்பட்டால் நோயாளியால் தானாக மூச்சுவிடவும் முடியாது. அப்போது மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி, கருவி மூலம் மூச்சு கொடுத்து, அறுவை முடியும் தறுவாயில் நோயாளியின் சொந்த மூச்சை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதை விமானப் பயணத்தோடு ஒப்பிடுவது உண்டு; ஏறும்போதும் இறங்கும்போதும் கவனம் மிகுதியாகத் தேவை. அதற்காக நடுவானில் விமானி எழுந்து போய்விடலாம் என்று பொருள் ஆகாது.

இடுப்புக்குக் கீழ் செய்யப்படும் பல அறுவைகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு உணர்விழக்கச் செய்கிறார்கள். நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருப்பதால் இதைச் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். இந்த ஊசிக்குப் பின் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். மருந்தின் விளைவு எதிர்பார்த்ததைவிட மேலே ஏறினால் மூச்சு தடுமாறும். எனவே இதிலும் ஒரு மருத்துவர் நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். சில சிறிய இடங்களில் அறுவை மருத்துவரே முதுகில் ஊசியையும் போட்டுவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு அறுவையைத் தொடங்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அவருடைய கண்கள் அறுவை செய்யும் இடத்தில் இருக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. செலவு குறைவு, நேரம் மிச்சம் என்ற எந்தச் சமாதானமும் இதற்குப் பொருந்தாது. பல் பிடுங்குதல், தோலில் உள்ள சிறு கட்டியை அகற்றுதல் போன்றவற்றில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது வேறு. அதை அந்தந்த மருத்துவரே செய்வது உலகெங்கும் உள்ள நடைமுறை.

தகுதி பெற்றவர் யார்

இணையத்தில் இது பற்றித் தேடும் மாணவர்களுக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரைகள். அங்கு மயக்கவியல் மருத்துவர்களோடு, அதற்கெனத் தனிப் பட்டம் பெற்ற செவிலியர்களும் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். மருத்துவரா செவிலியரா என்பதே அங்கு விவாதம். இந்தியாவில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. இங்கு மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் பணி. எம்.பி.பி.எஸ். முடித்தபின் மயக்கவியலில் 3 ஆண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர், அல்லது 2 ஆண்டு டிப்ளமோவான டி.ஏ. முடித்தவர் மயக்க மருந்து நிபுணர் ஆகிறார். டி.ஏ. என்பதைக் குறைந்த தகுதி என்று ஒதுக்க வேண்டியதில்லை. மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக மயக்கவியலைத் தாங்கி நின்றவர்களில் கணிசமானோர் டி.ஏ. முடித்தவர்களே.

பிரசவ அவசரங்களில் நிபுணர் கிடைக்காமல் தாய்மார் இறப்பதைத் தடுக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. அது அவசர மகப்பேறு சிகிச்சைக்காக ஏற்பட்டது. நாள் குறித்துச் செய்யும் மூட்டு மாற்று அறுவைக்கு அந்தப் பயிற்சி போதும் என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

அறுவை அரங்கில் மயக்க மருந்துத் தொழில்நுட்பர்களும் இருப்பார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்கெனப் பட்டப்படிப்பு உள்ளது. கருவியைச் சோதித்தல், மருந்தையும் குழாய்களையும் எடுத்து வைத்தல், நிபுணருக்குப் பக்கத்துணையாக நிற்றல் ஆகியவை இவர்கள் பணி. நல்ல தொழில்நுட்பர் இல்லாத அரங்கில் வேலை செய்ய நிபுணர்களே தயங்குவார்கள். ஆனாலும் நிபுணர் இல்லாத நேரத்தில் அவருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் உரிமை தொழில்நுட்பருக்கு இல்லை.

யார் கொடுப்பது என்ற கேள்வி இத்துறை அளவுக்கே பழையது. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து வலியில்லா அறுவையைக் காட்டினார். மறு ஆண்டே ஈதர் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அதே 1847இல் எடின்பரோவில் குளோரோஃபார்ம் பயன்பாட்டுக்கு வந்தது. அக்காலத்தில் கையில் கிடைத்த உதவியாளர் துணியில் சொட்டு சொட்டாக ஊற்றுவதே வழக்கம். சாவுகள் நேர்ந்தன. மூச்சு நின்று சாகிறார்களா, இதயம் நின்று சாகிறார்களா என்று ஆராய ஐதராபாத்தில் 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் அமைந்தன. அவற்றை முன்னின்று நடத்திய எட்வர்ட் லாரி, மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்று வாதிட்டார். இதயமும் திடீரென நின்றுவிடக்கூடும் என்பது பின்னால் தெளிவானது. ஐதராபாத்தில் அவரிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருந்து மருத்துவர் என்று கருதப்படுகிறார். மருந்து கொடுப்பதும் கவனிப்பதும் ஒரு தனி மனிதரின் முழுநேரப் பொறுப்பு என்ற நிலை இப்படித்தான் மெல்ல உருவானது.

தேர்வு யார் கையில் இருக்கிறது

பெரும்பாலும் நோயாளியின் கையில் இல்லை. அரசு மருத்துவமனையிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் அன்றைய பணிப்பட்டியலில் உள்ள மருத்துவர் வருவார். ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர்கள் இத்திட்டத்தில் அடங்குவர். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் தனித் துறையாக இயங்குவதால், அறுவைக்கு முன்பே நோயாளியை அத்துறைக்கு அனுப்பித் தகுதிச் சான்று பெறுவது நடைமுறையிலேயே இருக்கிறது. இதை அலைக்கழிப்பு என்று நினைத்து முணுமுணுப்பவர் உண்டு. உண்மையில் நோயாளிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு அந்த ஒரு சீட்டுதான்.

பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் தனித் துறையும் முன்பரிசோதனைப் பிரிவும் உண்டு. சிக்கல் அதிகம் எழுவது சிறிய நர்சிங் ஹோம்களில். நாள் முழுவதும் ஒரு நிபுணரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கு அறுவைகள் இல்லை. ஆகவே அறுவை மருத்துவர் தமக்குப் பழக்கமான நிபுணரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் காலையில் ஓர் இடம், நண்பகலில் மற்றோர் இடம் என்று ஊர் முழுவதும் சுற்றிப் பணி செய்பவர். அவருடைய கட்டணம் அறுவை மருத்துவரின் கட்டணத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுவது பரவலான வழக்கம். இவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். பத்து அரங்குகளின் குறைநிறைகளையும் அறிந்தவர்கள். குறை அவர்களுடைய திறமையில் இல்லை. அறுவை மேசையில் படுத்தபின்தான் நோயாளி அவரை முதன்முதலில் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்கப்படும் கேள்விக்கு, பயத்தில் இருக்கும் நோயாளி எதற்கும் தலையாட்டுவார். மாற்ற வேண்டியது எதுவும் தெரியவந்தாலும் அறுவையை ஒத்திவைக்க யாருக்கும் மனம் வராது.

ஆகவே நிபுணரின் பெயரைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும், அவரை முன்கூட்டியே பார்க்க முடிகிற மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க முடியும். நாள் குறித்துச் செய்யும் அறுவையில் நோயாளிக்கு இருக்கும் ஒரே வலிமை நேரம். நர்சிங் ஹோமிலும் "மயக்க மருந்து டாக்டரை முதல் நாளே பார்க்க வேண்டும்" என்று கேட்டால், பல இடங்களில் ஏற்பாடு செய்து தருகிறார்கள். கேட்காதவருக்கு ஏற்பாடு இல்லை.

முன்பரிசோதனையும் இவ்வட்டாரத்து உடல்களும்

முன்பரிசோதனையில் நிபுணர் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுவார். மூச்சுக்குழாயில் குழாயை எளிதாக இறக்க முடியுமா என்று கணிப்பதற்கு இது. வாய்க்குள் தெரியும் பகுதிகளைக் கொண்டு நான்கு நிலைகளாகப் பிரிக்கும் இந்தக் கணிப்புமுறைக்கு மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அது உலகெங்கும் பரவியது. தொலைபேசியில் கேட்டு இதைச் செய்ய முடியாது என்பதால் நேரில் போவது அவசியம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். அதற்கு முன் பல ஆண்டுகள் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களிடம் பல்லில் பழுப்புக் கறை தெரியும். சிலருக்குப் பாதிப்பு எலும்பையும் தொட்டிருக்கும். முதுகெலும்பு இறுகி, தசைநார்கள் கெட்டிப்பட்டிருந்தால் முதுகுத்தண்டில் ஊசி இறங்குவது கடினம். கழுத்து வளையாவிட்டால் குழாய் இறக்குவதும் கடினம். இரண்டு வழியும் ஒரே நோயாளியிடம் சிரமமாக இருக்கும் என்பது முதல் நாளே தெரிந்தால் அதற்கான கருவிகளோடு வரலாம், அல்லது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். மேசையில் படுத்தபின் தெரிந்தால் தவிப்புதான். நிமிர்ந்து பார்க்கவோ குனியவோ முடியாத முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள், "முதுகுவலி" என்று மட்டும் சொல்லாமல் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்றொன்று மரபுவழி வருவது. குழாய் இறக்குவதற்காகத் தசைகளை விரைவாகத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து, மருத்துவமனைகளில் ஸ்கோலின் என்று அழைக்கப்படுகிறது. இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும், மூச்சு திரும்பிவிடும். அந்த நொதி இல்லாதவர்களுக்கு மூச்சு திரும்பப் பல மணி நேரம் ஆகலாம். ஆரிய வைசிய சமூகத்தில் இக்குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் குறித்துக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006இல் வெளியானது. ஓசூர், கிருஷ்ணகிரி கடைவீதிகளில் தலைமுறைகளாக வாணிபம் செய்யும் தெலுங்கு பேசும் குடும்பங்களில் இச்சமூகத்தார் பலர். குறைபாடு உள்ளவருக்கு அன்றாட வாழ்வில் எந்த நோயும் தெரியாது. அந்த மருந்து உடலில் ஏறும்வரை அவருக்கே தெரியாது. வீட்டில் யாருக்காவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்ப நெடுநேரம் ஆகி, கருவியில் வைத்திருந்தார்கள் என்ற பழைய கதை இருந்தால் அது வெறும் கதை அல்ல. சொன்னால் வேறு மருந்து உண்டு. மருத்துவர் சாதியைக் கேட்பது நாகரிகமில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த ஓரிடத்தில் அக்கேள்வி உயிர் காக்கும் கேள்வி.

குவாரியிலும் கிரானைட் மெருகேற்றும் பட்டறையிலும் பல ஆண்டு வேலை செய்தவர்களுக்குக் கல்தூசி நுரையீரலில் படிந்திருக்கலாம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒப்புக்கொள்ள ஆண்கள் தயங்குவார்கள். நிபுணரிடம் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று விழித்தல் ஆகியவற்றைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கான சில புதிய மாத்திரைகளை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. நோயாளி தானாக எதையும் நிறுத்தக் கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்க வேண்டாம்.

வெறும் வயிறு பற்றிய குழப்பமும் இங்கேயே தீரும். பொதுவான விதிப்படி இட்லி போன்ற இலகுவான உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டத்துக்கும் இறைச்சிக்கும் 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி தேவை. பால் சேர்த்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது. இரவுப் பணி முடித்து அதிகாலையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு நேராக அறுவைக்கு வருபவர், அதைச் சொல்லாமல் விடுவது தன் மூச்சுக்குழாயோடு விளையாடுவதாகும்.

கேட்கத் தகுந்தவை

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில், சிகிச்சை அளிப்பவர்களின் பெயரையும் தொழில் தகுதியையும் அறியும் உரிமை இடம்பெற்றுள்ளது. எனவே நிபுணரின் பெயர், பட்டம், பதிவு எண் ஆகியவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. "டாக்டர் ஐயா, மயக்கம் கொடுக்கிறவர் யாருங்க? அவரை முன்னாடியே பார்க்கலாமா?" என்ற அளவில் கேட்டாலே போதும். அவர் அறுவை முடியும்வரை அரங்கிலேயே இருப்பாரா, அதே நேரத்தில் வேறு அரங்கையும் பார்ப்பாரா என்பது அடுத்த கேள்வி. மூச்சுக்காற்றில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி உள்ளதா என்று கேட்பவர்கள் குறைவு. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை விரைவாகக் காட்டுவது அக்கருவிதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி சற்றுத் தாமதமாகவே எச்சரிக்கும். அறுவைக்குப் பின் நினைவு முழுதும் திரும்பும்வரை யார் பார்த்துக்கொள்வார்கள், நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உள்ளதா, ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டுமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் அறுவைக்கும் மயக்க மருந்துக்கும் தனித்தனியே கையெழுத்து வாங்குவது நல்ல மருத்துவமனையின் அடையாளம். படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் மிகுதி. மேற்பார்வையாளர் ஒருவர் வந்து "போடு" என்று காட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவது ஒப்புதல் அல்ல. டெல்லியில் முழு மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

எல்லையைக் கடக்கும்போது

பெங்களூரு என்றாலே மேல் என்ற நம்பிக்கை இவ்வட்டாரத்தில் ஆழமானது. இதய அறுவை போன்றவற்றுக்கு அதில் நியாயம் உண்டு. குடலிறக்கத்துக்கு எல்லை தாண்டுவதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடாது. அங்கும் தெருமுனை நர்சிங் ஹோம்கள் இருக்கின்றன. முன்பரிசோதனைக்கு ஒரு நாள், அறுவைக்கு ஒரு நாள் என்று இரண்டு முறை அத்திப்பள்ளி நெரிசலைக் கடக்க வேண்டியிருப்பதாலும் ஒரு நாள் கூலி போவதாலும் பலர் முதல் பயணத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக் கூடாத பயணம் அதுதான். இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., நிபுணர் சந்திப்பு மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோ இ.எஸ்.ஐ. பரிந்துரையோ அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதையும் அன்றே எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

மருத்துவரின் பதிவு எண்ணைச் சரிபார்க்க, தமிழ்நாட்டில் பதிந்தவருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலையும் கர்நாடகத்தில் பதிந்தவருக்குக் கர்நாடக மருத்துவக் கவுன்சிலையும் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டமும் இரு மாநிலங்களில் வேறு வேறு. வழக்கு என்று வந்தால் பெங்களூருவுக்கு அலைய வேண்டும் என்ற பயம் மட்டும் இனி வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம்.

அன்றே வீடு திரும்பும் அறுவையாக இருந்தால் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மயக்க மருந்துக்குப் பின் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து வருவதும் ஆபத்தே. புறப்படும் முன் மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். குழாய் இறக்கச் சிரமப்பட்டிருந்தாலோ, ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ அதைத் தனித் தாளில் எழுதித் தரச் சொல்லி, ஆதார், ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த அறுவை எந்த மாநிலத்தில் நடந்தாலும், அங்குள்ள மயக்க மருந்து நிபுணரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.